ஐந்தாவது ஆள்

முதல் தடவை மணி அடிக்கும்போது கோமதிநாயகம் செல்பேசியை எடுப்பதில்லை. அது கடை மேசைமேல் நடுங்கி நடுங்கி நகர்ந்து, கயிற்றுச் சுருளில் முட்டி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாம் தடவை எடுப்பார். எடுத்தாலும் ஹலோ சொல்வதில்லை. பேசப்போகிறவர் யாரென்று தெரியும். என்ன பேசப்போகிறார் என்றும் தெரியும்.

“அண்ணாச்சி சாறே, ஒண்ணு இங்ஙோட்டு வரணுமே,” என்று ஷாஜியின் குரல் குழையும்.

“எத்தன பேரு இருக்கு?”

“நாலு.”

“அப்ப சேரி.”

ஆணியில் தொங்கும் வெள்ளைச் சட்டையை எடுத்துப் பனியன்மேல் மாட்டிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கி, சாலைக் கம்போளக் கடைத்தெருவிலிருந்து தம்பானூருக்கு நடந்தே போவார். வழியில் யாராவது கேட்டால், “கப்பல் காரியம்,” என்பார்.

அது பொய்யில்லை. சங்குமுகம் போகிற வழியில் இருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தை ஆளும் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். குழுவில் ஒன்பது பேர். ஐந்து பேராவது வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும் என்று விதி. வெளியூர் உறுப்பினர்கள் நான்கு பேரும் வருவதாகச் சொல்வார்கள். விமானம் கிடைக்கவில்லை என்று காலையில் செய்தி அனுப்புவார்கள். தவறாமல் வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் நான்கு பேர். தலைவர் லீலாபாய், பெண்கள் கல்லூரி ஒன்றில் முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு பழைய கடற்படை அதிகாரி, ஓர் அரசு அதிகாரி, ஒரு கட்டடக்கலைஞர். குழுவின் செயலர் ஷாஜி கணக்கில் வரமாட்டார். ஆக, ஐந்தாவது ஆள் எப்போதும் கோமதிநாயகம்தான்.

‘கடல்சார் வணிகர்’ என்ற பிரிவில் அவரைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் விற்பது கயிறு. வாங்குகிறவர்கள் கட்டட மேஸ்திரிகள், பந்தல்காரர்கள், மாடு வைத்திருப்பவர்கள். கடலுக்குப் போகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை விழிஞ்ஞத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள். ஆடி அமாவாசைக்குச் சங்குமுகம் போனால்கூட, கணுக்கால் நனைந்ததும் கோமதிநாயகம் திரும்பிவிடுவார். அதற்குமேல் உள்ள கடலை அவர் நம்புவதில்லை.

குழுவில் மற்றவர்களும் அதை அவ்வளவாக நம்பியதாகத் தெரியவில்லை. குழு கூடுவது அருங்காட்சியகத்தில் அல்ல; அங்கே உப்புக்காற்றில் ஏ.சி. நிற்பதில்லை. தம்பானூரில், ஒரு ஹோட்டலின் மேலே மூன்றாம் மாடியில் அதற்கென்று ஓர் அலுவலகம் உண்டு. ஜன்னல் வழியே ரயில் நிலையமும் பஸ் நிலையமும் தெரியும், கடல் தெரியாது. பழைய கடற்படை அதிகாரி அந்த ஜன்னலுக்கும் முதுகைக் காட்டியே உட்காருவார். திறப்பு விழா நாளில் எல்லோரையும் படகில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கொண்டுபோனார்கள். லீலாபாய் அன்று வாந்தி எடுத்தவர்தான். “எனக்குக் கடல் பேப்பர்ல இருந்தா போதும்,” என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கி, சூடு ஏறியதும் மலையாளத்துக்கு மாறும். கோமதிநாயகம் இரண்டிலும் பேசுவதில்லை. யாரும் அவரிடம் கருத்துக் கேட்டதும் இல்லை. உறுப்பினரான புதிதில் ஒருமுறை, பெரிய விவாதத்தின் நடுவே அவர் கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் எல்லோரும் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர்தான் இருக்கிறோம், முடிவு செல்லாது என்று யாரோ ஆட்சேபித்திருக்கிறார். எடுத்திருந்த முடிவு அப்படியே விழுந்துவிட்டது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே அவர் கொஞ்ச நேரம் நின்றார். தன்னிடம் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அதன்பிறகு அவர் அதை ஒழுங்காகப் பயின்றார். எடுத்ததும் எழுந்துவிட மாட்டார். முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைப்பார். கூடு மூடும் சத்தத்துக்கே ஷாஜி நிமிர்ந்து பார்ப்பார். அடுத்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவார். பிறகு குடையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இதற்குள் பேச்சு அவருக்குப் பிடித்த பக்கம் திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழாக நடக்கும். குடை கீழே போகும், கண்ணாடி மூக்குக்கு வரும். திரும்பாவிட்டால், “ஒண்ணு வெளிய போய்ட்டு வாறேன்,” என்று எழுந்து, கீழே ஹோட்டலில் ஒரு டீயும் ரசவடையும் சாப்பிட்டுவிட்டு அப்படியே கடைக்குப் போய்விடுவார்.

இந்த வகையில் அவர் சாதித்தவை உண்டு. நடுக்கூடத்தில் நிற்கும் பழைய மரக்கலத்துக்குத் தங்க நிறத்தில் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று ஒருமுறை முடிவாகப் போயிற்று. கோமதிநாயகம் ரசவடை சாப்பிடப் போனார். மரக்கலம் இன்றும் மரத்தின் நிறத்திலேயே இருக்கிறது. கல்யாணங்களுக்குக் கூடத்தை வாடகைக்கு விடும் யோசனையும் அப்படித்தான் போயிற்று. ஆனால் ஒருநாள் தனக்குக் கடைசியாக டீ கொடுத்தார்கள் என்பதற்காகவும் எழுந்து போயிருக்கிறார். மரக்கலத்துக்காகப் போனதற்கும் டீக்காகப் போனதற்கும் அவர் நடையில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

கடந்த மே மாதக் கூட்டத்துக்கு அவர் படியேறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுஜா நின்றிருந்தாள். சுஜா அருங்காட்சியகத்தின் வழிகாட்டி, பாறசாலைக்காரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நங்கூரத்தையும் பாய்மரத்தையும் மூன்று மொழிகளில் விளக்குகிறவள். கூட்ட நாட்களில் அவளைத் தம்பானூருக்கு வரச்சொல்லி டீ கொடுக்கும் வேலையையும் தலையில் கட்டிவிடுவார்கள்.

“அண்ணாச்சி, இன்னைக்கு எழும்பிராதீங்க.”

“எழும்புவேன்னு யாரு மோளே சொன்னா?”

“யாரும் சொல்லண்டாம். போன வருசம் ஆண்டுவிழாவுல உங்களுக்கு ரெண்டாவது வரிசையில கசேரி போட்டுட்டாங்கன்னு அடுத்த மீட்டிங்ல எழும்பிப் போனீங்க. பெறகு மீட்டிங்கே கூடல்ல. காண்ட்ராக்ட் புதுக்காம நான் ரெண்டு மாசம் வீட்டுல இருந்தேன். அந்தக் கசேரியப் போட்டது நானா?”

கோமதிநாயகம் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“நீயில்ல. உம்மேல எனக்கு என்ன கோவம்.”

“இந்த மாசத்தோட மறுபடியும் தீருது. பிள்ளைக்கு ஸ்கூல் தொறக்கப் போவுது. இன்னைக்கு அஜண்டாவுல நாங்க ரெண்டாவது. ஒண்ணாவது வீடியோ.”

“என்ன வீடியோ?”

“வெளியூர்க்காரங்க இனி வரண்டாம். வீட்டுல இருந்து கம்ப்யூட்டர்ல மொகத்தக் காட்டினா போதும், அதும் கணக்குல சேரும். அதுக்கு இன்னைக்கு விதி மாத்துகாங்க.”

அவர் இரண்டு படி ஏறி நின்றார்.

“அப்ப பின்னே ஷாஜி என்னய போன்ல விளிக்கண்டாம்.”

“விளிக்கண்டாம்,” என்றாள் சுஜா. இந்த விஷயத்தை அவள் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

“அது பாஸாகவும் அஞ்சு பேரு வேணும், இல்லியா? நானே வந்து இருக்கணும்.”

“அதுக்கு இருந்தாத்தான் அண்ணாச்சி எங்க காரியம் வரும்.”

வரிசையை அப்படி அமைத்தது ஷாஜி. வழிகாட்டிகளின் ஒப்பந்தத்தை முதலில் வைத்தால், அது முடிந்ததும் கோமதிநாயகம் டீக்குப் போய்விடலாம். இரண்டாவதாக வைத்தால் முதலாவதைத் தாண்டித்தான் அங்கே வரவேண்டும். ஷாஜி கெட்ட மனிதர் அல்ல. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கயிற்றுக் கடைக்காரரை இரண்டு தடவை கூப்பிட்டுக் குழைகிற வேலையில் அவருக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்று உள்ளே நுழைந்ததும், இத்தனை வருடங்களில் முதல்முறையாகக் கோமதிநாயகம் கூட்டத்தில் காரியம் பேசினார்.

“ரெண்டாவது உள்ளத மொதல்ல எடுக்கலாமே.”

பழைய கடற்படை அதிகாரி திடுக்கிட்டுப் பார்த்தார். வெளியே போய்விட்டு வருகிறேன் என்பதைத் தவிர அந்தக் குரலில் வேறெதையும் அவர் அதுவரை கேட்டதில்லை. லீலாபாய் பேனாவை மூடி வைத்தார். ஆஜர் சொல்லிவிட்டுப் பின்பக்கமாக நழுவும் பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

“எடுக்கலாம். எடுத்தா நீங்க டீக்குப் போயிருவீங்க.”

“போகமாட்டேன்.”

“பின்னே எது மொதல்ல எடுத்தா என்ன? ஷாஜி, வாசிங்க.”

ஷாஜி வாசித்தார். கண்ணாடிக் கூடு மூடிய சத்தம் கேட்டது. ஷாஜி நிமிராமல் வாசிப்பைத் தொடர்ந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. குடை மடிக்கு வந்தது. கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால் சுஜாவின் பாதி முகம் தெரிந்தது. அவள் உள்ளே பார்க்கவில்லை, டீக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். கோமதிநாயகம் குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். லீலாபாய் இடையில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொன்னார்: திரையில் இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லவேண்டும், சொல்லாதவர் கணக்கில் வரமாட்டார். எழுதிக்கொண்டார்கள்.

“அனுகூலிக்கிறவங்க?” என்றார் லீலாபாய்.

நான்கு கைகள் உயர்ந்தன. கோமதிநாயகம் ஷாஜியின் பக்கம் சாய்ந்தார்.

“நான் கையத் தூக்கணுமா?”

“வேண்டா சாறே. இருந்தா மதி, அதே போதும்.”

அவர் இருந்தார். விதி மாறியது.

ஷாஜி சந்தோஷமாக எழுந்து சுவரில் இருந்த திரையைப் போட்டார். தயாராகக் காத்திருந்தவர்கள்போல மூன்று வெளியூர் முகங்கள் வந்தன. ஒருவர் புத்தக அலமாரிக்கு முன்னால், ஒருவர் காரின் பின்சீட்டில், ஒருவர் சாப்பாட்டு மேசையில். எல்லோரும் எல்லோருக்கும் கை அசைத்தார்கள். இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்துக் குழுவுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. புத்தக அலமாரிக்காரர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வாங்கலாம் என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். அதை எங்கே வைப்பது என்று கட்டடக்கலைஞர் கேட்டதற்குச் சாப்பாட்டு மேசைக்காரர் ஒரு யோசனை சொன்னார். கார்க்காரரின் குரல் மட்டும் வெட்டி வெட்டி வந்தது.

கோமதிநாயகம் எழுந்தார். கண்ணாடிக் கூட்டுக்கு இப்போது வேலை இல்லை, குடை ஏற்கெனவே கையில் இருந்தது.

“ஒண்ணு வெளிய போய்ட்டு வாறேன்.”

வழக்கமாக அந்த இடத்தில் மூன்று பேராவது “இருங்க, இருங்க” என்பார்கள். இன்று நீர்மூழ்கிக் கப்பலின் நீளம் பற்றிப் பேச்சு நடந்தது. கதவுவரை போய்ப் பிடியில் கை வைத்து நின்றார். திரும்பிப் பார்த்தார். ஷாஜி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தார். வெளியே தட்டுடன் நின்ற சுஜா வழிவிட்டு ஒதுங்கினாள். ஒரு காலை வெளியே வைத்தார்.

உள்ளே, நேரமாகிறது என்று லீலாபாய் கப்பலை ஓரங்கட்டினார். “இரண்டாவது. வழிகாட்டிகளோட ஒப்பந்தம். வோட்டுக்கு முன்னால ஆஜர் எடுக்கிறேன்.” மேசையைச் சுற்றி நான்கு என்று எண்ணிவிட்டுத் திரைக்கு நிமிர்ந்தார். முதலில் கார்க்காரரின் பெயரைச் சொன்னார். அவர் வாய் திறந்தபடியே உறைந்திருந்தார். மறுபடி கூப்பிட்டதும் முகம் மறைந்து கறுப்புக் கட்டம் வந்தது. அலமாரிக்காரரைக் கூப்பிட்டார். அங்கே அலமாரி இருந்தது; தன் யோசனையைச் சொல்லி முடித்த திருப்தியில் அவர் எழுந்து போயிருந்தார். சாப்பாட்டு மேசைக்காரர் இருந்தார். தலைகுனிந்து தன் செல்பேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய சத்தத்தை அவரே அணைத்து வைத்திருந்தார். லீலாபாய் கல்லூரி மைதானத்துக்குக் கேட்கிற குரலில் அவர் பெயரை மூன்று முறை சொன்னார். அவர் பாட்டுக்குச் சிரித்தார்.

“ஆள் இருக்காரே மேடம்,” என்றார் ஷாஜி.

“பதில் இல்ல. விதி இப்பத்தானே எழுதினோம். நாலு.”

முதலில் லீலாபாய் வாசலைப் பார்த்தார். பிறகு மற்ற மூவரும். கடைசியாக ஷாஜி. சுஜா தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

“அண்ணாச்சி சாறே,” என்று ஷாஜி எழுந்தே விட்டார். “அவிட நிக்கண்டா. ஒண்ணு வந்து இரிக்கணும்.”

கோமதிநாயகம் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்திவிட்டு, நடந்து வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார். நாற்காலியின் இருக்கையைத் துடைத்தார். அதன் கைப்பிடிகளைத் துடைத்தார். சுற்றிப் பின்பக்கம் போய் முதுகுப் பலகையையும் மேலிருந்து கீழாகத் துடைத்தார். நாட்டின் கப்பல்களை ஆளும் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீலாபாயின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. கைக்குட்டையை உதறி, பழைய மடிப்பிலேயே நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டு, நாற்காலியை மேசையோடு ஒட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.