ரோட்டைத் தைத்தவள்

போன வாரம் பஸ்ஸில் உட்கார்ந்து நான் வரைந்த கோடு நேராக வந்துவிட்டது.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் வந்துவிட்டது. எங்கள் கம்பெனி பஸ் இப்போது கேட்டில் நிற்பதில்லை, தண்டவாளத்தில் ஏறி இறங்கிக் குலுங்குவதும் இல்லை. பாலத்தில் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தோளை வரைந்துகொண்டிருந்தேன். கழுத்திலிருந்து முழங்கை வரை ஒரே கோடு, எங்கேயும் உதறல் இல்லை. படம் வரைகிற யாருக்கும் அது சந்தோஷம் தர வேண்டிய காரியம். நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

என் பழைய படப் புத்தகங்களைக் கொடுத்தால், எந்தப் படம் எந்த இடத்தில் வரைந்தது என்று இன்றைக்கும் சொல்லிவிடுவேன். செங்கல்பட்டு ஏரிக்கரை ஓரமாக வரைந்தவை நன்றாகவே இருக்கும். நெடுஞ்சாலையில் வரைந்தவை சுமாராக இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் வரைந்த முகங்களுக்கு மூக்கு இரண்டாக இருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலை பஸ்ஸில் விழித்திருப்பவர்கள் குறைவு என்பதால், என் புத்தகத்தில் இருக்கும் மனிதர்கள் எல்லோரும் வாய் திறந்து தூங்குகிறவர்கள். ஒரு ஊரே தூங்குவதை வரைந்து வைத்திருக்கிறேன்.

வீட்டில் வரையலாமே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. நான் பட்டியல் போட்டு வாழ்கிற ஆள். தண்ணீர் பிடிப்பது, தம்பிக்கு டிபன், அம்மாவுக்கு மாத்திரை, துணி மடிப்பது, மறுநாள் காய் நறுக்கி வைப்பது என்று பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பேன். அந்தப் பட்டியலின் கடைசியில் ‘படம்: ஞாயிறு, நாலு மணி’ என்று ஒரு வரி இருந்தது. ஞாயிறு நாலு மணிக்குத்தான் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். அவர்கள் வராத ஞாயிறுகளில் மாவு அரைக்க வேண்டியிருக்கும். அந்த வரிக்கு எதிரில் மட்டும் ஒரு டிக்கும் விழுந்ததில்லை. இதை ஒருமுறை நித்யாவிடம் சொன்னபோது அவள் சிரிக்காமல் கேட்டாள்.

“நாலு மணிக்கு வரேன்னு படம் உங்கிட்ட வந்து சொல்லிச்சா?”

நித்யா சதுரங்கப்பட்டினத்துக்காரி. இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த தெருவில் அவள் வீடு. அப்பா அவள் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா அஞ்சலை, சந்தையில் மீன் விற்று அவளை டிப்ளமோ படிக்க வைத்தார். நானும் அவளும் கம்பெனியில் ஒரே அறையில் வேலை பார்த்தோம். கடைந்து வருகிற இரும்புப் பாகங்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்க்கிற அறை. பஸ் அவள் ஊரில்தான் புறப்படும். நான் செங்கல்பட்டில் ஏறும்போது ஜன்னலோரம் அவள் இருப்பாள், எனக்கான இடத்தில் அவள் பை இருக்கும். யாராவது உட்கார வந்தால், “இது ஆளு வர்ற சீட்டு” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அந்தப் பையின் வாசனை பஸ் முழுக்கப் பிரசித்தம். முன் சீட்டு அக்கா ஒருநாள் மூக்கை மூடிக்கொண்டு, “இன்னாம்மா, காலங்காத்தால கருவாடா?” என்றார்.

“மத்தியானம் ஒரு துண்டு குட்றினு வந்து நிப்பியே, அப்ப மூக்கு எங்க போவுது?” என்றாள் நித்யா. அந்த அக்கா உட்பட எல்லோரும் சிரித்தோம். மத்தியானம் அவர் வந்து நின்றதும் உண்மைதான்.

பைக்குள் சாப்பாட்டுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதில் நூல்கண்டுகள், ஊசி, தையல் வளையம். கருவாட்டு வாசனை ஏறக் கூடாது என்றுதான் டப்பா. அவள் தலையணை உறைகளில் பூப்போடுவாள். வீட்டில் அவளுக்கும் நேரம் கிடையாது. அம்மா சந்தையிலிருந்து திரும்புவதற்குள் சமையலை முடிக்க வேண்டும், பிறகு பாத்திரம், பிறகு தூக்கம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் பஸ்ஸில் போட்ட பூ எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இதழ் காம்புக்குள் போயிருக்கும், காம்பு துணியை விட்டே ஓடியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பிரிப்பாள். மறுநாள் மறுபடி போடுவாள். “பஸ்ல தைக்கறது, கேன்டீன்ல பிரிக்கறது, இதான் என் பொழப்பு” என்பாள்.

எங்கள் அறையில் ஒரு கருவி இருந்தது. இரும்பின் மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்று அளப்பது. மெல்லிய ஒரு முனை இரும்பின்மேல் மெதுவாக ஊர்ந்து போகும். கண்ணுக்கு வழவழவென்று தெரிகிற இடத்தில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்று திரையில் கோடாக வரும். ஒருநாள் காலை, பிரிக்காத தலையணை உறையோடு அறைக்கு வந்தவள் அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னாடி இது, என் தையலாட்டமே கீது.”

“அது மெட்டல்ல முனை போற கோடு. எங்க மேடு, எங்க பள்ளம்னு காட்டுது.”

“என் துணி ரோட்டுல எங்க மேடு, எங்க பள்ளம்னு காட்டுது. அப்பறம் நான் ஏன் பிரிக்கணும்?”

அவ்வளவுதான். அந்த வாரமே செங்கல்பட்டு பஜாரில் காடாத்துணி வாங்கினோம். விதிகளை அவளே சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு வரி. ஊரை விட்டு பஸ் கிளம்பும்போது ஊசி துணியில் இறங்க வேண்டும், கம்பெனி வாசலில் முடிச்சுப் போட வேண்டும். நடுவில் எது நடந்தாலும் பிரிக்கக் கூடாது. நான் சும்மா இருப்பேனா? எந்தக் கிழமைக்கு எந்த நிறம் என்று ஓர் அட்டவணை தயார் செய்துகொண்டு போனேன். அவள் அதை மடித்து அதன்மேல் நூலைச் சுற்றி வைத்துக்கொண்டாள். “கைக்கு எது வருதோ அதான் நெறம்.” கெஞ்சிக் கேட்டதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டாள். மழை பெய்கிற நாளுக்கு நீலம்.

மழை என்றதும் பஸ்ஸின் ஈர ரெக்சின் வாசனை வருகிறது. அப்படி ஒரு மழை நாளில்தான் கேட்டில் பஸ் தூக்கிப்போட்டு ஊசி அவள் விரலில் இறங்கியது. துணியில் ஒரு சொட்டு ரத்தம். அவள் வலியில் முனகியதைக் கேட்டு டிரைவர் அண்ணாத்த கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னாமா ஆச்சு?”

“ஊசி குத்திக்கிச்சு அண்ணாத்த. தூக்கிப்போடறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நீ ரோட்ட தச்சினு வருவ, நான் ஒனக்கு ஹாரன் அடிக்கணுமா?” என்று கேட்டார். ஆனால் மறுநாளிலிருந்து வேகத்தடை வரும்போதெல்லாம் தலையைத் திருப்பாமல், “ஊசி” என்று குரல் கொடுத்தார். நித்யா ஊசியைத் துணியிலிருந்து மேலே தூக்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் பஸ்ஸே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டது. கேட்டை நெருங்கும்போது முன்பக்கம் ஒரு “ஊசி”, பின்பக்கம் ஒரு “ஊசி”. தூங்குகிறவர்கள் கண்ணைத் திறக்காமலே கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். என் படங்களில் மூக்குகள் ஒன்றானதும் அதற்குப் பிறகுதான்.

துணி வளர்ந்தது. ஒரு வரிக்குக் கீழே ஒரு வரி. எல்லா வரிகளும் ஒரே இடத்தில் குதித்தன, ஒரே இடத்தில் அடங்கின. ஏரி ஓரத்தில் பொடிப்பொடியாக அமைதியான தையல். கேட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கூரான மலைகள். கேட் மூடி பஸ் நின்ற நாட்களில் மட்டும் மலைக்கு முன்னால் நாலைந்து தையல் அழகாக, நேராக இருக்கும். அண்ணாத்த லீவு போட்டு வேறு டிரைவர் வந்த நாளைத் துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். மழைக்காலத்தின் நீல வரிகள் தாறுமாறாக ஓடின. நான் அளவுக் கருவியோடு வேலை பார்க்கிறவள். ஆனாலும் அதைப் போல ஓர் அளவை எங்கும் பார்த்ததில்லை என்று அவளிடம் சொன்னேன். “ரொம்ப ஐஸு வைக்காத. கீழ கொஞ்சம் எடம் கீது, அத முடிச்சிட்டு சொல்லு” என்றாள்.

அந்த இடம் முடியவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் லீவு என்று மெசேஜ் போட்டாள், ‘துணிய பாத்துக்கோன்னு சொல்லலாம்னா அது உங்கிட்ட இல்லியே’ என்று கிண்டலும் செய்திருந்தாள். பிறகு ஆஸ்பத்திரி என்றார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரி என்றார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் அதே பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் போய் வந்தோம். போகும்போதும் வரும்போதும் அண்ணாத்த ஒரு தடவைகூட “ஊசி” என்று குரல் கொடுக்கவில்லை. வேகத்தடைகளில் பஸ் தானாகத் தூக்கிப் போட்டது.

மறுநாள் முதல் நான் ஏறும்போது ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. அதில் என் பையை வைத்தேன். யாரோ உட்கார வந்தபோது, “இது ஆளு வர்ற சீட்டு” என்றேன். வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். சில நாட்கள் அப்படிப் போனது. பிறகு பஸ்ஸில் கூட்டம் அதிகமானது. ஒருநாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்தத் துணி வேண்டும் என்று இருந்தது. அவள் போட்டோக்கள் போனில் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். துணியில் அப்படியில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அவள் கை எப்படி உதறியது என்பது அதில் இருந்தது. சாவு வீட்டில் போய்க் கேட்கிற பொருள் இல்லை என்பதால், காரியமெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன். பிறகு ஒருநாள் புறப்பட்டுப் போனேன். பிரிட்ஜ் கதவுப் பட்டியலில் எழுதியிருந்த அதே ஞாயிறு, நாலு மணி.

அஞ்சலையம்மா சந்தைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். மீன் வெட்டும் அரிவாள்மனை சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. “வா கண்ணு” என்று பாய் போட்டார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அந்தப் பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. மடியில் காடாத்துணி.

“பாத்தியா, எம்பொண்ணு தச்சத” என்று விரித்துக் காட்டினார்.

துணி துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. மேலிருந்து கீழ்வரை வரிகள் எல்லாம் நேராக இருந்தன. அடிக்கோல் வைத்துப் போட்டது மாதிரி நேராக.

“பாவம், ஒக்காந்து தைக்க அதுக்கு நேரம் ஏது? பஸ்ல தச்சதா, எல்லாம் கோணையும் மாணையுமா கெடந்துச்சு. பாக்கறவங்க நாளைக்கு இன்னா சொல்லுவாங்க? ஒண்ணொண்ணா பிரிச்சு, அதே நூல வச்சு நேரா போட்டுட்டேன். வேற நூலு வாங்கல. அது தொட்ட நூலாச்சே.” துணியைத் தடவிக்கொண்டார். “சந்தைக்குப் போனா ஆளாளுக்குக் கேக்கறாங்க. வூட்ல ஒக்காந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. இதான் ரெண்டு மாசமா சோறு தண்ணி எல்லாம். நல்லா கீதா?”

“நல்லா இருக்கும்மா” என்றேன்.

“இந்தக் கறைதான் போவல. எவ்ளோ தேச்சும் நிக்குது. டீ கொட்டிக்கிச்சா, இன்னாவோ.”

கேட் இருந்த இடத்தில், மலைகள் இல்லாத வெறும் துணியில், அந்தப் பழுப்புப் புள்ளி.

“டீதாம்மா” என்றேன்.

கீழே கடைசி இரண்டு வரிகள் மட்டும் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தன. இரண்டும் நீலம். ஏரியும் மேடும் கேட்டும் அப்படியே இருந்தன. அவற்றையாவது விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், இந்த இரண்டு மாதமும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அவர் நூலைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். நான் கோணலைத் தேடி வந்திருக்கிறேன்.

“இன்னும் ரெண்டுதான், முடிச்சிருவேன்” என்று அதில் ஒரு வரியைப் பிரிக்க ஆரம்பித்தார். கேட்டின் மலை அவிழ்ந்து ஒரு சுருண்ட நூலாக அவர் விரலில் தொங்கியது. ஊசிக் காதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு மூன்று தடவை நூலைக் குத்திப் பார்த்தார். நுழையவில்லை.

“கண்ணு தெரியல. கோத்துக் குடு.”

வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். விளக்கு வைக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துணியைக் கேட்கவில்லை.

அண்ணாத்த ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பஸ் இப்போது ஏசி பஸ், வேறு கம்பெனியின் ஒப்பந்தம். அந்த வேகத்தடைகளைப் பெயர்த்து ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். கேட் இல்லை. இன்றைக்கு நித்யா அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தாலும் அவள் அம்மா போட்ட தையல் மாதிரித்தான் வரும்.

போன வாரம் பாலத்தில் பஸ் ஏறும்போது, பேனாவை மூடுவதற்கு முன்னால், எனக்கே தெரியாமல் “ஊசி” என்று சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“இன்னாக்கா?”

“ஒண்ணுமில்ல, நீ தூங்கு” என்றேன்.