நல்ல தண்ணீர்க் கிணறும் பன்னிரண்டு அறை ஓட்டலும்

யூசுப், மெஹருன்னிசா, நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் போய், "எங்க அத்தா கடற்கரையிலே ஓட்டல் கட்டப் போறாரு" என்று சொல்லிவிட்டதாக உங்கள் அம்மா சொன்னாள். சொன்னதில் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் ஓட்டல் வராது. ஏன் வராது என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், சொல்ல வந்தது விட்டுப் போகும். அதனால் போன விதம், வந்த விதம் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் வாத்தியாரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். சங்கதியைத் திருத்த வேண்டாம்.

பரமசிவத்தை உங்களுக்குத் தெரியும். தை மாதக் கடைசியில் சென்னையிலிருந்து நீலக் காரில் நம் எஞ்சின் பட்டறைக்கு வந்து, உங்களுக்கு ஆளுக்கொரு பெப்பர்மிண்ட் பொட்டலம் கொடுத்தாரே, அவர்தான். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரம் இரண்டு ஏக்கர் வாங்கியிருப்பதாகச் சொன்னார். சிற்பங்களைப் பார்க்க வெளிநாட்டார் கார் போட்டு வருகிறார்கள், தங்க இடமில்லாமல் சாயங்காலமே சென்னைக்குத் திரும்பி விடுகிறார்கள், பன்னிரண்டு அறையில் ஓர் ஓட்டல் கட்டினால் காசு கொட்டும் என்றார். பத்துப் பங்கு, பங்கு ஒன்று எழுநூற்றைம்பது ரூபாய். "வட்டி கிடையாது பாய், லாபத்திலே பங்கு. உங்களுக்கு ஆகுமான சங்கதி" என்று நம் மார்க்கத்தையும் சேர்த்துக்கொண்டார். புது லேத் வாங்க நான் ஐந்து வருஷமாகச் சேர்த்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மாசி மாதம், புதன்கிழமை, காலை ஆறரை மணி. செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். மாமல்லபுரம் பதினெட்டு மைல், கட்டணம் ஒன்பதணா. சீட்டுக் கிழித்த கண்டக்டர் என் பையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், நீயும் ஓட்டலா?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பையிலே நூல்குண்டு கீது. கல்லு பாக்க வர்றவன் கெணத்து ஆழம் பாக்க நூல்குண்டு எடுத்துகினு வருவானா? போன வாரம் இதே பஸ்ஸுலே ரெண்டு பேரு. அதுக்கு முன்ன வாரம் மூணு பேரு. ஊர்லே கீற கல்லையெல்லாம் ராசா செதுக்கிட்டுப் பூட்டாரு. மிச்சம் கீற மண்ணை நீங்கோ கூறு போடறீங்கோ."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கூறு போடுகிறவன் நானில்லை, பங்குக்காரன் என்று சொல்ல நினைத்தேன்.

ஏழேகாலுக்குத் திருக்கழுக்குன்றம். மலையில் கழுகு பார்க்க வந்தவர்கள் இறங்கிக்கொண்டார்கள். வண்டி பத்து நிமிஷம் நின்றது. ஓரணாவுக்கு இரண்டு இட்லி, சட்னி தாராளம். பிறகு வயல், பனை, சவுக்குத் தோப்பு, கால்வாய். அதைத் தாண்டியதும் காற்றிலேயே உப்பு வந்துவிடுகிறது.

எட்டேகாலுக்கு மாமல்லபுரத்தில் இறங்கினேன். மெஹரு, நீ கேட்ட யானையைப் பார்த்தேன். ஒரே கல். நிஜ யானை உயரம் இருக்கிறது, பக்கத்தில் நின்றால் நகருமோ என்று இருக்கிறது. கடலோரத்துக் கோயில் சுவரை உப்புக் காற்று அரித்து, முகங்கள் எல்லாம் சோப்பு தேய்ந்த மாதிரி ஆகிவிட்டன. அங்கே ஒரு வெள்ளைக்காரரும் அவர் சம்சாரமும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டணாவுக்கு விற்ற இளநீரை அவர்களுக்கு எட்டணா என்றான் கடைக்காரன். அவர்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். பரமசிவம் சொன்னது பொய்யில்லை, இந்த ஊரில் காசு இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஒன்பதரை மணி. கடலோரமாக வடக்கே ஒன்றரை மைல் மணலில் நடந்தேன். செம்படவர் குப்பம் ஒன்று, நாற்பது ஓலை வீடு இருக்கும். அதை ஒட்டித்தான் பரமசிவத்தின் இரண்டு ஏக்கர். சுற்றிலும் கல் நட்டிருந்தது. நடுவில் ஒரு கிணறு. அதன் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, எண்ணெய் எஞ்சினும் பம்பும் வைத்திருந்தார். நீலக் கார் தள்ளி நின்றது. அதன் டிரைவர்தான் எஞ்சினுக்கும் ஆள்.

கிணற்றடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர்கள் தண்ணீர் எடுத்த விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கிணறு ஆழமில்லை. ஆனாலும் யாரும் வாளி போடவில்லை. நீளக் கழியில் கட்டிய கொட்டாங்கச்சியை மெதுவாக இறக்கி, பாலில் ஆடை எடுப்பது போல மேலாக மொண்டு குடத்தில் விட்டார்கள். ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரம். ஒருத்தி முடித்ததும் அடுத்தவள் உடனே இறக்கவில்லை. தண்ணீர் அலம்பாமல் நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.

பரமசிவம் வரைபடத்தை விரித்துக் காட்டினார். பன்னிரண்டு அறை, அறைக்கொரு குளியல் தொட்டி, முன்னால் புல்தரை.

"இத்தனைக்கும் தண்ணீர்?" என்றேன்.

"இந்தக் கிணறுதாங்க. இந்தப் பக்கத்துக்கே நல்ல தண்ணி இது ஒண்ணுதான். பட்டாவிலே நம்ம எல்லைக்குள்ளே வருது."

"அவங்க?" என்று பெண்களைக் காட்டினேன்.

"வேலி போடற வரைக்கும் எடுத்துக்கட்டும். நான் என்ன மனுஷன் இல்லையா?"

அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. எனக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. நம் பக்கத்தில் நிலம் வாங்குகிறவன் கிணற்றைச் சோதிக்காமல் வாங்குவானா? எஞ்சின் வைத்து அடிமண் தெரிய இறைத்துவிட்டு, நூல்குண்டை விட்டு, எத்தனை நிமிஷத்தில் எத்தனை அடி ஊறுகிறது என்று பார்ப்போம். பதினெட்டு வருஷமாக அந்தச் சோதனைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். "இறைச்சுப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று கெத்தாகச் சொன்னேன்.

பரமசிவத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "தாராளமா ஓட்டுங்க. செங்கல்பட்டு மிஷின்காரரே பார்த்துட்டார்னா எனக்கும் நாலு பேர்கிட்டே சொல்ல ஆச்சு."

டிரைவர் ஹாண்டிலைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பப் போனபோது, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் குறுக்கே வந்து நின்றாள். மற்றவர்கள் அஞ்சலை என்று கூப்பிட்டார்கள்.

"வோணாம் பாய். போன தபா இத்தினியூண்டு நேரம் ஓட்டினதுக்கே ரெண்டு நாளு தண்ணிய வாயிலே வைக்க முடியல."

"இறைச்ச கிணறு ஊறும்மா. பயப்படாதே" என்றேன்.

"ஒங்க ஊரு கெணறு ஊறும். இது கடலை ஒட்டிப் படுத்துகினு கீது. மேலதான் நல்ல தண்ணி நிக்குது, கீழ பூரா உப்பு. கலக்காத வரிக்கும்தான் இது எங்களுக்கு."

மெஷின் கட்டத் தெரியாத ஜனங்கள், ஏதோ பயம் என்று நினைத்தேன். படிப்பு குறைந்தவனை மற்றவர்கள் ஒதுக்கும்போது எனக்கு எப்படி வலிக்கும் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதையே நான் செய்தேன். டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பதினொரு மணிக்கு ஓட ஆரம்பித்த எஞ்சின் நாற்பது நிமிஷத்தில் அடிமணலைக் காட்டியது. அத்தனை தண்ணீரும் மணலில் ஓடிச் செத்தது. எஞ்சினை நிறுத்தி நூல்குண்டை விட்டேன். பத்து நிமிஷத்தில் ஒன்றரை அடி ஏறியது. நம்ப முடியாமல் மறுபடி இறைத்தேன். இந்தத் தடவை இரண்டடி. மூன்றாம் தடவை அதைவிட வேகம். ஏரிக்குக் கீழே இருக்கிற கிணற்றில்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை. அதையே சத்தமாகச் சொன்னேன்: "பதினெட்டு வருஷத்திலே இப்படி ஒரு ஊற்று நான் பார்த்ததில்லை."

பரமசிவம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அஞ்சலை கொட்டாங்கச்சியை இறக்கி, ஏறி வந்த தண்ணீரை மொண்டு, என் முன்னால் நீட்டினாள்.

"குடி பாய்."

குடித்தேன். விழுங்க முடியவில்லை, துப்பிவிட்டேன். ஊற்று இல்லை பிள்ளைகளே. நாங்கள் காலி செய்த இடத்துக்குக் கடல்தான் வந்துகொண்டிருந்தது. அந்த வேகத்தைத்தான் நான் மெச்சியிருக்கிறேன்.

"துப்பிட்ட இல்ல?" என்றாள் அவள். "நீ துப்பிட்டு பஸ் ஏறிப் பூடுவ. எங்க புள்ளைங்கோ இன்னா பண்ணும்?"

"திரும்ப நல்லதாகாதாம்மா?"

"பத்து நாளு யாரும் கை வைக்காம வுட்டா மேல கொஞ்சம் நல்லது நிக்கும். அதுவரிக்கும் கால்வாய்க்கு அந்தாண்ட போவணும். போவ ரெண்டு மைலு, வர ரெண்டு மைலு. அதுக்குள்ள மறுபடி ஓட்டினீங்கன்னா அவ்ளோதான். ஐப்பசி மழை வர்ற வரிக்கும் உப்புதான்."

பெண்கள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தார்கள். ஒருத்தி என்னைத் தாண்டும்போது, "மிசினுக்காரருக்கு நாஸ்தா வாங்கிக் குடுங்கய்யா, பாவம் களைச்சிப் பூட்டாரு" என்றாள்.

பரமசிவத்தைத் தனியாக அழைத்துப் போய், தண்ணீர் உப்பாகிவிட்டது என்று சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியும் பாய். ரொம்ப நேரம் ஓட்டினா அப்படித்தான் ஆகும். அதான் வர்றவங்களுக்குப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டிட்டு நிறுத்திடுவேன்."

"தெரிஞ்சுமா என்னை ஓட்ட விட்டீங்க?"

"நீங்க சொன்ன சொல்லு எனக்கு வேணுமே. ஞாயித்துக்கிழமை காலையிலே பத்துப் பேர் வர்றாங்க. இதே மாதிரி வத்தடிச்சு, ஊறுற வேகத்தைக் காட்டுவேன். யாரும் நாக்கை நீட்டிப் பார்க்க மாட்டாங்க. குடிக்கிறதுக்குத் திருக்கழுக்குன்றத்திலேருந்து பானையிலே கொண்டாந்து வெச்சுடலாம். நீங்களும் வந்து, இப்ப சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க. உங்க பங்கிலே நூறு ரூபாய் குறைச்சுக்கறேன்."

"கட்டி முடிச்ச பிறகு தங்க வர்றவன் எதிலே குளிப்பான்?"

"அது ஓட்டல் நடத்தறவன் பாடு. நான் பத்துப் பங்கையும் வித்துட்டு வெளியே வந்துடுவேனே."

யூசுப், எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டு காதும் அடைத்தன. அந்த மணலை ஏக்கர் நூற்றைம்பது ரூபாய்க்கு அவர் வாங்கினதாகப் பஸ்ஸிலேயே ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். முந்நூறு ரூபாய் மணலை ஏழாயிரத்தைந்நூறுக்கு விற்பது ஒரு பக்கம் கிடக்கட்டும். ஏமாறுகிறவர்கள் வளர்ந்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். நாற்பது வீட்டுப் பிள்ளைகளின் குடிதண்ணீரை, பத்துப் பேருக்கு வேடிக்கை காட்ட எடுத்து மணலில் கொட்டுகிற துணிச்சல் ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது? அதைப் பெப்பர்மிண்ட் கொடுத்த அதே கையோடு, சிரித்த முகத்தோடு சொல்கிறார்.

"பங்கும் வேணாம், உங்க நூறும் வேணாம். என் பேரை எங்கேயும் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை இதை ஓட்டாதீங்க" என்றேன்.

"ஏன் பாய் இதுக்குப் போய் பேஜாரு பண்றீங்க? உங்களுக்கு மனசு இளகிப் போச்சு. வீட்டுக்குப் போய் யோசிங்க. திருக்கழுக்குன்றம் வரைக்கும் கார்லே விட்டுடறேன், ஏறுங்க."

ஏறவில்லை. சிரித்துக்கொண்டே டிரைவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அப்போது மணி ஒன்றரை. குப்பத்தில் ஆண்கள் கடலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பெண்கள் கால்வாய்ப் பக்கம் போயிருந்தார்கள். கொட்டகையில் எஞ்சின் சூடு ஆறாமல் நின்றது. ஹாண்டில் அதிலேயே செருகியிருந்தது.

அது இல்லாமல் அந்த எஞ்சினைக் கிளப்ப முடியாது. வேறொன்றைக் கொல்லரிடம் சொல்லி அடிக்க நாலைந்து நாளாகும். பரமசிவம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேரோடுதான் திரும்ப வருவார்; ஹாண்டில் இல்லாதது அப்போதுதான் தெரியும். இவ்வளவும் யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவன் நான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஹாண்டில் விலை ஐந்து ரூபாய் இருக்கும். ஐந்து ரூபாயை எண்ணெய் டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, ஹாண்டிலை உருவித் துண்டில் சுற்றிக்கொண்டேன். கடலில் போடலாம் என்று அலை வரைக்கும் போனேன். வலையில் மாட்டினால் கிழித்துவிடும். அதனால் பஸ்ஸிலேயே எடுத்து வந்தேன். மடியில் கனத்தது. கண்டக்டர் வேறு ஆள், ஒன்றும் கேட்கவில்லை.

செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது ஐந்தரை மணி. வீட்டுக்கு வராமல் நேரே கொளவாய் ஏரிக் கரைக்குப் போனேன். மாசியிலும் ஏரி நிறையத் தண்ணீர். ஒரு கை அள்ளிக் குடித்தேன். சேற்று வாசனை, ஆனால் உப்பில்லை. இதன் கரையில் பிறந்து வளர்ந்ததால்தான், இறைத்தால் எல்லாக் கிணறும் ஊறும் என்று நம்பியிருக்கிறேன். வண்ணார்கள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் ஒன்று கடந்து போகும் வரை நின்றேன். பிறகு துண்டை அவிழ்த்து, ஹாண்டிலை எடுத்து, கைக்கு எட்டிய தூரம் வீசினேன். ஆழமான இடத்தில்தான் விழுந்தது.