ஒரே வசனத்தின் ஐந்து அட்டைகள்

கடவுளின் பெயரால் என் மனைவியை ஏமாற்றினேன். ஒருமுறை தவறிப்போய், நான்கு முறை தெரிந்தே!

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு எழுபது வயது நிறைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரூபியிடம் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது...

அப்போது திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துப் பிழை திருத்தும் வேலை எனக்கு. ஆண்டுக் கடைசியில் காலண்டரோடு வாக்குத்தத்த அட்டைகளும் அச்சாகும். புத்தாண்டு அன்று வீட்டில் ஆளுக்கொன்றாகக் கண்ணை மூடி எடுப்போமே, அந்தச் சிறிய வேத வசன அட்டைகள்தான். எந்த வசனம் வருகிறதோ அது அந்த ஆண்டுக்குக் கடவுள் நமக்குச் சொன்ன வார்த்தை.

ஒரு தாளில் பல வசனங்கள் கட்டம் கட்டமாக இருக்கும். தாள்களை அடுக்கி வெட்டினால் ஒவ்வொரு கட்டிலும் ஒரே வசனம்தான் இருக்கும். பெண்கள் உட்கார்ந்து அவற்றைக் கலந்த பிறகுதான் வெளியே போகும். ஓர் ஆண்டு அவசரத்தில், கலக்காத கட்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ரூபி எவர்சில்வர் கிண்ணத்தில் அட்டைகளைப் போட்டு, ஜெபித்து, ஒன்றை எடுத்தாள். கர்த்தருக்குக் காத்திருக்கச் சொல்லும் வசனம். நான் எடுத்தேன். அதே வசனம்! அடியில் இரண்டைத் திருப்பிப் பார்த்தேன். அவையும் அதே.

சொல்லிச் சிரித்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் அவள் கேட்டிருந்தாள்: "கல்யாணமாகி எட்டு வருசமாச்சுங்க. மதுரைக்குப் போயி ரெண்டு பேருமே டாக்டரப் பாத்துட்டு வந்துருவமா?"

நான் ஏற்கெனவே தனியாகப் போய்ப் பார்த்திருந்தேன். குறை என்னிடம்தான். டாக்டர் கொடுத்த தாளை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கிழித்துப் போட்டேன்.

"பாத்தீகளா? காத்திருன்னு சொல்லிட்டாரு. இனி ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றாள் ரூபி. அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி! நான் என் அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

அடுத்த டிசம்பரில் அதே வசனம் உள்ள கலக்காத கட்டை அச்சகத்தில் தேடி எடுத்து வந்தேன். அதற்கடுத்த மூன்று டிசம்பர்களிலும்... ஐந்தாவது அட்டையை எடுத்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதன்பின் கலந்த அட்டைகளையே கொண்டுவந்தேன். இனி அவள் மதுரை என்று பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டுகளில் ஒருநாள் என் அக்காள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "என் தம்பி வேற ஒருத்தியக் கட்டியிருந்தா இந்நேரம் வீட்டுக்குள்ள மூணு ஓடியாடும்." பரிமாறிக்கொண்டிருந்த ரூபி தலை நிமிரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

போன ஞாயிறன்று ஆராதனையில் என் பிறந்தநாளுக்காக ஜெபித்த போதகர், ரூபியைச் சாட்சி சொல்ல அழைத்தார். அவள் வேதாகமத்திலிருந்து ஐந்து அட்டைகளையும் எடுத்துக் காட்டினாள். ஓரங்கள் பழுத்திருந்தன.

"அஞ்சு வருசமும் ஒரே வசனம். எம்புட்டோ வசனம் இருக்கையில எனக்கு மட்டும் இப்பிடி வருமா? பிள்ளை குடுக்கல. ஆனா என்னையத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனாரு. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அழவும் தெம்பில்லை.

ஆராதனை முடிந்து வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருச் செல்வி வந்து ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண். கல்யாணமாகி நான்கு ஆண்டுகள். "வர்ற வியாழக்கிழமை மதுரைக்குப் போயி டாக்டரப் பாக்கலாம்னு இருந்தோம் பெரியம்மா. உங்க சாட்சியக் கேட்டதும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. போகவா, வேண்டாமா?"

ரூபி ஓர் அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள். "இத வச்சுக்க தாயி. டாக்டரு எங்க போயிரப் போறாரு? காத்திரு."

"இல்ல செல்வி, போயிட்டு வா. உன் மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ. அவனும் பாக்கணும்" என்றேன். என் துணிச்சல் அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை.

ரூபி சிரித்தாள். "எழுவது வயசாச்சு, இவுகளுக்கு இன்னும் விசுவாசம் வரல பாத்துக்க! அங்கன போயி கேக்கைத் தின்னுங்க, போங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திங்கள், செவ்வாய், புதன்... ஒவ்வொரு காலையும் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். ரூபி முதலில் ஜெபிப்பாள். அந்த ஐந்து ஆண்டுகளுக்காக நன்றி சொல்வாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? பிள்ளையை அவளுக்கு இல்லாமல் செய்தவன், கடவுள் பேசினார் என்ற நிறைவையும் பிடுங்குவதா? இது இரக்கமா, அல்லது பழைய கோழைத்தனம்தானா? எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இன்று வியாழக்கிழமை. காலையில் ஆலை வேன் தெருமுனையில் வந்து நின்றது. சாப்பாட்டுத் தூக்கோடு செல்வி ஏறினாள். மதுரைக்குப் போகவில்லை.

வாசலில் என் பக்கத்தில் நின்ற ரூபி அவளுக்குக் கையசைத்தாள்.

"நல்ல பிள்ளை. சொன்னாக் கேக்குது" என்றாள்.

வேன் திரும்பிப் போகும்வரை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.