பஸ்ஸில் புழு கொண்டுபோன மதியம்

இன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என் டப்பாவைக் காட்டி, "இன்னா கீது உள்ள?" என்றார். எண்பதுகளில், நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நடந்தது சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது.

அன்று சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மடியில் மூடி போட்ட இரண்டு கண்ணாடித் தட்டுகள். நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்க்க உதவும் புழுக்கள் அவற்றில் இருந்தன. எங்கள் லேபில் இருந்தவை வெயிலில் செத்துப்போனதால், வேறொரு லேபில் கெஞ்சி வாங்கி வந்தவை.

கண்டக்டர் கேட்டார். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"புழுவா? திகம்மா, எறங்கு மொதல்ல!"

விசில் ஊதினார். பஸ் நின்றது. வெளியே மே மாத வெயில், ஒரு மரம்கூட இல்லை. இறங்கினால் இவையும் செத்துவிடும்.

ஒரு தட்டைத் திறந்து அவரிடம் காட்டினேன்.

"ஒண்ணுமே காணோமே?"

"ரொம்பச் சின்னதுங்க. கண்ணுக்குச் சரியாத் தெரியாது."

அப்படிச் சொன்னதுதான் தப்பு. முன் சீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அம்மா அலறினார். "ஐயோ, கொழந்த துன்னுகினு கீது! தெரியாமலே வயித்துக்குள்ள பூந்துக்குமே!"

"எறக்கிவுடுப்பா!" என்று பின்னாலிருந்தும் குரல்கள்.

கை பட்டால் அந்தத் தட்டு வீணாகிவிடும் என்று தெரியும். ஆனாலும் விரலை அதில் அழுத்தி எடுத்து, எல்லோரும் பார்க்க நக்கினேன்.

கண்டக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ரைட், போலாம்" என்றார்.

லேபில் மைக்ராஸ்கோப் அடியில் மற்றத் தட்டை வைத்தேன். புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அழுதே விட்டேன். என் ஆராய்ச்சி முழுவதும் அவற்றின் வாரிசுகளை வைத்துத்தான் நடந்தது.

எதை வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். ருசி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.