துரையின் வாய் பட்ட செம்பு

சுகாதாரப் பகுதியில் வேலை பார்த்தவனை எந்த ஊரும் சிரித்த முகத்தோடு வாசலில் வரவேற்றதில்லை. அதிலும் நான் பாதி இன்ஸ்பெக்டர், பாதி வெள்ளைக்கார டாக்டர் துரையின் மொழிபெயர்ப்பாளன். துரையிடம் இருந்தது ஒரே சொல்: ‘கிளீன்’. கிணறு, முற்றம், நோயாளியின் நாக்கு, மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட கோப்பை, குற்றம் குறை இல்லாத மனிதன், எல்லாவற்றுக்கும் அதுதான். அதைச் சனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தலைவிதி. மேலதிகாரிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

துறையடிக் கடை

மட்டக்களப்பு வாவியைத் தோணியில் கடக்கிற துறையடியில் கண்ணம்மை அக்கா பிட்டுக்கடை வைத்திருந்தார். புருஷன் கைகால் விழுந்து பாயோடு கிடந்தார். அந்த அடுப்பு எரிந்தால்தான் வீட்டில் சோறு. அந்தப் பக்கம் வயிற்றோட்டம் பரவத் தொடங்கியதும் துரை, “வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். கடை கிளீன் இல்லையென்றால் பூட்டுத்தான்” என்று சொல்லிவிட்டார்.

நான் போய்ச் சொன்னேன். அக்கா கையிலிருந்த அகப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “ஊத்தைச் சோறு குடுக்கிற பொம்புளையெண்டா இவ்வளவு காலமும் இந்தத் துறையில நிண்டிருப்பனா தம்பி?”

சிவந்த கிணறு

அதற்கிடையில் ஏறாவூரில் கிணறுகளுக்கு மருந்து போடும் வேலை வந்தது. ஊதா நிறத் தூள். போட்டதும் தண்ணீர் ரோசாப்பூ நிறமாகிவிடும். துரை எட்டிப் பார்த்து, இனி இது கிளீன் என்றார். மறுநாள் நெசவுகார முஸ்லிம் பெரியவர் ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், அந்தத் தண்ணீரில் நனைத்த நூல் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பால் வெள்ளையாக இருக்கவேண்டிய நூல், திட்டுத்திட்டாகப் பழுப்பேறிக் கிடந்தது. பெருநாளுக்கு நெய்ய வைத்திருந்ததாம். துரை நூலைத் தடவிப் பார்த்து, கிருமி இல்லை என்றார். காக்கா என்னிடம் திரும்பினார். “உங்கட மருந்தால தண்ணி துப்புரவாப் போயித்து, சரி. எண்ட நூலை ஆருகா துப்புரவாக்கிறது?”

வெல்லாவெளி வட்டை

பிறகு மலேரியாக் காய்ச்சல் பரவியதால் வெல்லாவெளிக்குப் போனோம். நுளம்பு பெருகுகிறது, தேங்கி நிற்கிற தண்ணீரையெல்லாம் வெட்டிவிட்டு நிலத்தைக் கிளீன் பண்ணச் சொல் என்றார் துரை. எதிரே வயல் வட்டை முழுவதும் முழங்கால் தண்ணீரில் இளம் பயிர். வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் என்னையும் துரையையும் மாறி மாறிப் பார்த்தார். “வெட்டிவிடலாம் ஐயா. மறுகா துரைக்குச் சோறு எங்க இருந்து வரும் எண்டும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை

வட்டைத் தண்ணீரை யாரும் வெட்டிவிடாத கடுகடுப்போடுதான் துரை துறையடிக்கு வந்தார். துரை வருகிறார் என்று அக்கா விடியவே எழும்பி, பசுஞ்சாணம் கரைத்து நிலம் முழுக்க மெழுகியிருந்தார். கோயில் திருவிழாவுக்கு மெழுகுவதுபோல அத்தனை அழகு. ஈரம்கூடக் காயவில்லை. துரை மூக்கைப் பொத்திக்கொண்டு, “சாப்பாட்டுக் கடையில் மாட்டுச் சாணியா? பூட்டு!” என்றார். அதை எந்த வாயால் தமிழில் சொல்வேன்?

வெயில் கொளுத்தியது. துரை தண்ணீர் கேட்டார். அக்கா செம்பை நீட்டினார். நம் ஆட்கள் அண்ணாந்து ஊற்றித்தான் குடிப்பார்கள். துரை செம்பை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டார். “ஐயோ!” என்றார் அக்கா. செம்பை வாழைச் சருகால் பிடித்து வாங்கினார். சாம்பலும் புளியும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தார். பிறகு கொதிக்கிற பானைக்குள் போட்டு மூடியே விட்டார்.

துரையின் புருவம் ஏறியது. ஏன் அப்படிச் செய்கிறாள் என்று கேள் என்றார். கேட்டேன்.

“எச்சில் பட்டா வேற என்ன செய்யிற? அதுவும் கண்ட எறைச்சியெல்லாம் திண்ட வாய். கொதிக்கத்தான் வேணும்.”

நான் துரையின் பக்கம் திரும்பி, “யாருடைய வாய் பட்டாலும் இப்படிக் கொதிக்க வைப்பது இவர் வழக்கம்” என்றேன். துரையின் முகம் மலர்ந்தது. இந்தப் பகுதியிலேயே கிருமியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் இவள்தான் என்றார். நிலத்துக்கு ஆற்று மணல் போடச் சொல்லிவிட்டு, ‘கிளீன்’ என்று அழுத்திச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. கடையின் பின்பக்கம் சில சாதிக்காரர் குடிப்பதற்கென்றே தொங்கிய தேங்காய்ச் சிரட்டைகளை அவர் பார்க்கவில்லை. அந்தச் சுத்தத்துக்கு விளக்கம் கேட்டிருந்தால் நான் வெட்கத்தில் செத்திருப்பேன்.

“துரை என்னவாம்?” என்றார் அக்கா.

“கடை துப்புரவாம். அடுப்பை அணைக்க வேண்டாமாம்.”

“கடை துப்புரவெண்டு எனக்குத் தெரியுந்தானே தம்பி. இனியாவது வாயை வைக்காமக் குடிக்கச் சொல்லு.”

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. சர்க்கார் எனக்குத் தந்த சம்பளத்தில் பாதி, சொல்லாமல் விட்டவற்றுக்குத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.