அப்பா பகலில் தூங்கிய வீடு

இன்று காலையில்கூட என் வீட்டுக்காரர் கேட்டார். "ஏ, என்னாத்துக்கு இப்படிக் கத்துற? தெருக்கோடி வரைக்கும் கேக்குது." கேட்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? பிறந்ததிலிருந்து கல்யாணம் ஆகும் வரைக்கும் பேசாமல் கட்டிவைத்த பேச்சு எனக்குள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சிதம்பரத்துக்கு வந்து இத்தனை காலமாக அவிழ்த்துக் கொட்டியும் இன்னும் தீரவில்லை. அவரிடம் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். உள் அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த என் அம்மா உதட்டின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். இந்த வயதிலும் அந்த விரல் இறங்கவில்லை. அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நான் பிறந்தது கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு நூல் மில் ஊரில். மில் இல்லாவிட்டால் அங்கே ஊரே கிடையாது. சங்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும், சங்கு ஊதினால் உலை வைக்க வேண்டும், சங்கு ஊதினால் டீக்கடையில் கூட்டம் கூடும், மறுபடி ஊதினால் கலையும். ஊரில் எந்த ஆம்பளை தலையைப் பார்த்தாலும் பஞ்சு ஒட்டியிருக்கும், அதனால் யாருக்கு நரை விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ரசத்தில் மிதக்கும் பஞ்சை விரலால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவோம். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான், எங்கள் வீட்டில் பேசக் கூடாது.

அப்பா நிரந்தர நைட் ஷிப்ட். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷன், அதனால் யாரும் கேட்காத ஷிப்ட்டை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஓடுகிற மிஷினில் எங்கே இழை அறுகிறதோ அங்கே போய் விரலால் ஒட்டிவிட வேண்டும். கண் அசந்தால் விரல் போச்சு. அடுத்த வீட்டு மாமாவுக்கு அப்படித்தான் இரண்டு விரல் போனது. கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்த்த நாளிலிருந்து என் அம்மாவுக்கு உலகத்தில் ஒரே வேலைதான். அப்பாவின் பகல் தூக்கத்தைக் காவல் காப்பது.

மில் கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் அவை. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகக் குடித்தனங்கள், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். முதலில் எங்கள் வீட்டை அடக்கிய அம்மா, பிறகு லைனையே அடக்கினாள். தாளிக்கும்போது கடுகு வெடிக்கக் கூடாது என்று சட்டியைத் தட்டால் மூடுவாள். விசில் அடிக்கும் என்பதற்காகக் குக்கர் வாங்கவே இல்லை. கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருப்பாள். சோறு, உப்பு, தண்ணீர், கடைக்குப் போ, அடி விழும், எல்லாவற்றுக்கும் கைஜாடை வைத்திருந்தாள். அதிலும் அடி விழும் என்பதற்கான ஜாடை ரொம்பத் தெளிவாக இருக்கும்.

கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வருவார். "சங்கராவ், நெத்திலேய்ய்" என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊரையே தூக்கிக்கொண்டு வருகிற தொண்டை, எங்கள் லைன் முனையில் பொத்தென்று அடங்கிவிடும். கூடையை இறக்கி, மீனைத் தூக்கிக் காட்டி, விலையை விரலில் காட்டுவார். அம்மாவும் விரலிலேயே பேரம் பேசுவாள். இரண்டு பேரும் முறைத்துக்கொள்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பழைய பகை என்று நினைக்கத் தோன்றும். பேரம் முடிந்து கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு லைனைத் தாண்டியதும் அந்தம்மா பெருமூச்சு விட்டு, "அப்பாடி, இந்தம்மாகிட்ட யாவாரம் பண்றதுக்கு நான் கடலுக்கே போயிடலாம்" என்று சத்தமாகச் சொல்லுவார். அந்தம்மாவாவது தாண்டிப் போகலாம். நான் எங்கே போவது?

பாடத்தை நான் உதட்டை மட்டும் அசைத்துத்தான் படிப்பேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து செய்யுள் சொல்லச் சொன்னால் பழக்க தோஷத்தில் உதடு மட்டும்தான் அசையும். டீச்சர் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துப் பிரம்பால் போடுவார். வலிக்கும்போதுகூட எனக்குச் சத்தம் வராது. அம்மாவிடம் போய் அழுதால் அவளும் கண்ணில் தண்ணீரோடு விரலை உதட்டில் வைப்பாள். சாயங்காலம் அப்பா எழுந்து குளித்துச் சாப்பிட்டு, என் தலையை ஒரு தடவு தடவிவிட்டு, சங்குக்கு முன்னால் கிளம்பிவிடுவார். அவரோடு பேச எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அதனால் கல்யாணப் பேச்சு வந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசை. மாப்பிள்ளை கறுப்போ சிவப்போ, சத்தம் போட்டுப் பேசுகிற வீடாக இருக்க வேண்டும். தரகர் சிதம்பரத்தில் ஒரு பாத்திரக்கடை வீட்டைச் சொன்னார். மேலவீதியை ஒட்டிய சந்தில் கீழே கடை, மேலே வீடு. கோயிலுக்குப் போகும்போது அந்தக் கடையைப் பார்த்திருக்கிறேன். நசுங்கின குடத்தை ஒருத்தர் மரச்சுத்தியால் தட்டிக்கொண்டிருப்பார், இன்னொருத்தர் மிஷினால் எவர்சில்வர் தட்டில் பேர் வெட்டுவார். கல்லாவில் இருப்பவர் கத்துவார், மாடியிலிருந்து ஓர் அம்மா பதிலுக்குக் கத்துவார். அடேயப்பா, சொர்க்கம் என்றால் இதுதான் என்று வாய் பிளந்து நின்றிருக்கிறேன். இந்த இடம் மட்டும் தட்டிப் போச்சு என்றால் இந்த லைனிலேயே வாய்மூடிக் கிடந்து செத்துப்போவேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்பாவுக்கு லீவு விழுகிற நாளாகப் பார்த்துத்தான் பெண் பார்க்க வரச் சொன்னோம். எங்கள் நேரம், முதல் நாள் ராத்திரி மாற்று ஆள் வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். காலையில் வந்து படுத்தார். அன்று ராத்திரியும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, "அவுங்க வந்தா எழுப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அத்தை, தரகர். வாசலிலேயே அத்தை, "வரலாமா?" என்று உரக்கக் கேட்டார். அம்மா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள். அவ்வளவுதான், எல்லாரும் பேயறைந்த மாதிரி ஓசைப்படாமல் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நான் அம்மாவிடம் ஜாடையில் கேட்டேன், அப்பாவை எழுப்பட்டுமா என்று. அம்மா தன் இரண்டு விரலை மடக்கிக் காட்டினாள். அடுத்த வீட்டு மாமாவின் கை. அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

கேசரி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "படிச்சிருக்கியாம்மா?" என்றார். பாத்திரக்கடைக் குரல், சாதாரணமாகப் பேசினாலே எங்களுக்குக் கூச்சல். அம்மா பதறி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "எதுவரைக்கும்?" பத்து விரலைக் காட்டினேன். "சமைக்கத் தெரியுமா?" சட்டியைக் கிண்டுகிற மாதிரி கையைச் சுற்றினேன். அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிப் பார்த்தேன். கடைச் சத்தத்திலேயே வாழ்ந்த காதுகளுக்கு அது எட்டவில்லை, என் உதடு அசைந்ததுதான் தெரிந்திருக்கும். அத்தை என் கன்னத்தைத் தடவி, "பாவம்" என்றார். எதற்குப் பாவம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, இந்த வீட்டில் பிறந்ததற்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தரகர் மட்டும் திரும்பி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "ஏண்ணே, பொண்ணு ஊமைன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? ஆத்தாளும் ஊமையாமே. அவுங்ககிட்ட என் மானமே போச்சு" என்றார்.

அப்பா அப்போதுதான் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. நான் அழுதேன். அன்றுதான் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதேன், அப்பா முழித்திருந்ததால் அம்மாவும் தடுக்கவில்லை. "எல்லாம் உங்க தூக்கத்தால வந்தது" என்றேன். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை வந்தவர் பாயைப் பிரிக்கவில்லை. "கெளம்பும்மா" என்றார். அம்மா, தூங்காமல் எங்கே போகிறீர்கள் என்று ஜாடையில் பதறப் பதற, என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நேராகப் பாத்திரக்கடை. மாப்பிள்ளையின் அம்மா கீழேதான் இருந்தார். அப்பா அவரைக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "பேசும்மா" என்றார்.

சுத்தியல் ஒரு பக்கம், பேர் வெட்டுகிற மிஷின் ஒரு பக்கம். வாயைத் திறந்தேன், முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது பாருங்கள்! "நான் ஊமையில்ல, எங்கம்மாவும் ஊமையில்ல, எங்கப்பா நைட் ஷிப்ட், பகல்ல தூங்கணும், அதுக்காக நாங்க யாரும் வாயத் தொறக்கறதில்ல, எனக்குச் சமைக்கத் தெரியும், படிக்கத் தெரியும், சண்டை போடவும் தெரியும், இதுவரைக்கும் சான்ஸ் கெடைக்கல, அவ்ளோதான்!" சுத்தியல் நின்றுவிட்டது. கல்லாவிலிருந்த மாப்பிள்ளை (இன்று காலை கத்தாதே என்று சொன்ன அதே மனுஷன்) வாய்விட்டுச் சிரித்தார். நான் நிறுத்தவில்லை. கேசரியில் சர்க்கரை ஜாஸ்தியானதற்குக்கூட விளக்கம் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா திடீரென்று என் கையைப் பிடித்தார். "மெதுவாப் பேசும்மா, உங்கப்பா தூங்குறாரு."

திரும்பிப் பார்த்தேன். கவிழ்த்து வைத்திருந்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வேறு. வீட்டில் அவர் குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை. சுத்தியல் மறுபடி தொடங்கியது, மிஷின் கிர்ரென்று அலறியது, யாரோ அடுக்கின தவலைகளைத் தட்டிவிட, அவை கடகடவென்று தரையெல்லாம் உருண்டன. அப்பா கண் இமைகூட அசையவில்லை.

அவர்கள் சம்மதம் சொல்லிக் கொடுத்த பழம் வெற்றிலையை வாங்கிக்கொண்டு, அப்பாவை உலுக்கி எழுப்பிப் பஸ் ஏற்றினேன்.

"ஏம்ப்பா, அந்தச் சத்தத்துல எப்படித் தூங்குனீங்க?"

"சத்தம் இருந்தாதானம்மா தூக்கம் வரும்" என்றார். "மில்லுல சாப்பாட்டு நேரத்துல பஞ்சு மூட்ட மேல சாஞ்சா போதும், அந்த எரைச்சல்ல அப்படியே போயிடுவேன். அந்தச் சின்னத் தூக்கமே மிச்ச ராத்திரிக்குக் கண்ணு முழிச்சி நிக்கப் போதும், கவலையில்ல. வீட்லதான் ஒரே நிசப்தமா இருக்குமா, கண்ணே அசராது. பொரண்டு பொரண்டு படுத்துக் கெடப்பேன்."

"இத்தன வருஷமா ஏன்ப்பா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்கம்மா கடுகக்கூட வெடிக்க விடாம காவக் காக்குறா. நீங்கள்லாம் எனக்காக வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்குறீங்க. அதனால நானும் கண்ண மூடிக்கிட்டே கெடப்பேன்."

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸே நின்றிருக்க வேண்டும். "அப்ப அன்னைக்கு அவுங்க வந்தப்பவும் முழிச்சித்தான் இருந்தீங்களா? ஏன்ப்பா எழுந்து வரல?"

அப்பா என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அம்மா எழுப்பட்டும்னு படுத்திருந்தேன். யாரோ என்னமோ கேக்குற குரல் கேட்டுச்சு, ஒத்தச் செவுருதான, அடுத்த வீட்டுக்கு வந்தவங்கன்னு நெனச்சேன். அப்புறம் உன் பேச்சுக் குரலே கேக்கலியேம்மா. யாரும் வரலன்னு நெனச்சிட்டேன்."

இறங்குகிற இடம் வந்தது. படியில் கால் வைத்தவர் என் கையைப் பிடித்தார். "அம்மாகிட்ட சொல்லிடாத. ஒடஞ்சிடுவா."

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், மில்லும் மூடிவிட்டது. கடைசி வரைக்கும் அந்த வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. இன்று காலை விரலை உதட்டிலிருந்து எடுத்த அம்மா என் வீட்டுக்காரரிடம் சொன்னாள், "இவ இப்படித்தான் மாப்ள, அடங்க மாட்டா. ஆனா இவுங்கப்பா இருந்த வரைக்கும் ஒரு நாளு அவருக்குத் தூக்கம் கெட்டதில்ல. நான் பாத்துக்கிட்டேன்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

அப்பா பஸ்ஸில் சொன்னது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "ஆமாம்மா" என்று மெல்லச் சொன்னேன், அவள் காதுக்கு எட்டியிருக்காது. பிறகு சமையலறைக்குப் போய், கைக்கு அகப்பட்ட பாத்திரத்தையெல்லாம் நங்கு நங்கென்று போட்டுத் தேய்த்தேன்.