ஐயா குளிக்கிற சத்தம்

மார்க்கையன்கோட்டைப் பக்கத்துப் பண்ணையார் ஒருவரை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கும். ஊரே கிணற்றில் இறைத்துக் குளித்தது. அவர் வீட்டில் மட்டும் மாடித் தொட்டி, முற்றத்தில் பித்தளைக் குழாய். தொந்தி நிறையச் சந்தனத்தோடு வந்து நின்று குழாயைத் திறந்து குளிப்பார்; முடித்ததும் கைப்பிடியை ஒரே அடியில் சாத்துவார். ஓடிய தண்ணீர் சட்டென்று நின்று குழாய்க்குள் மோதும். ‘டமார்’ என்று சுவரே அதிரும்.

குழாய் பிட்டரான என்னைக் கூப்பிட்டது, பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள். “அண்ணே, அந்தச் சத்தத்துக்குப் பச்சப்புள்ள பதறிப் பதறி அழுகுது.”

குழாயை ஒட்டி ஒரு துண்டுக் குழாயை நிமிர்த்தி வைத்து, அதன் தலையை மூடினேன். உள்ளே அடைபட்ட காற்று மோதலை வாங்கிக்கொண்டது. சத்தம் நின்றது. பிள்ளை தூங்கியது.

பண்ணையார் திரும்பத் திரும்பத் திறந்து சாத்திப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

“ஏப்பா, அதக் கழட்டு.”

“ஐயா, பிள்ளை தூங்குதுங்க.”

“சத்தம் கேட்டாத்தான, ஐயா கொழாயில குளிக்கிறாகன்னு கடைத்தெருவுல பேசுவாக?”

கழற்றினேன். உடனே குழாயைத் திறந்து சாத்தினார். உள்ளே பிள்ளை வீறிட்டது. அந்த மனிதர் தெருப்பக்கம் காதைத் திருப்பி, யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு நின்றார்.